சாம்பல் நிறக் கேள்விக்குறி

நாடி பிடித்துப் பாராமலே, "எழுந்து நடமாடுகின்றாரே, சுகமாகத்தான் இருப்பார்" என்று கூறும் வைத்தியரை எவரும் மதியார். ஆயின், நாமே மூன்று வாரகாலம் அத்தகைய வைத்தியராக இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

எமது கல்லூரிக் கணினி அறையின் பொறுப்பு சில ஆண்டுகளுக்கு முன் எம்மை வந்தடைந்தது. அங்கிருந்த சேவர் ஒன்றே. எனினும் அதனுள்ளே நான்கு கணினிகள் இயங்கின. நூலகப் பட்டியலுக்கு ஒன்று, மாணவர் புள்ளிகளுக்கு ஒன்று, ஏனைய இரண்டும் வகுப்புப் பயிற்சிக்கு. ஓர் இயந்திரத்தைப் பல இயந்திரங்களாக நடந்துகொள்ளச் செய்யும் இவ்வித்தை புதியதன்று. பெருங்கணினிகளுக்கென வி.எம்./370 என்னும் அமைப்பை ஐ.பி.எம். நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. நாம் கையாண்டதோ, 2008இல் முதன்முதல் வெளிவந்த புறொக்ஸ்மொக்ஸ் என்னும் இலவச மென்பொருள். பெரிய வீடொன்றை நான்காகத் தடுத்து நான்கு குடும்பங்களைக் குடியிருத்துவதை இஃது ஒக்கும். கூரை ஒழுகினால் நால்வரும் நனைவர். ஆதலின், குடியிருப்போரைக் கவனித்தல் போலவே வீட்டையும் கவனித்தல் வேண்டும்.

நாமும் கவனித்தோம் என்றே எண்ணியிருந்தோம். ஐந்து நிமிடத்துக்கொரு முறை 'பிங்' என்னும் சிறு கட்டளை ஒவ்வொரு கணினியையும் கூப்பிடும். மறுமொழி வந்தால் திரையில் பச்சை. அமெரிக்கரான மைக் மூஸ் 1983இல் இதனை எழுதி, நீரடியில் ஒலியனுப்பி எதிரொலி கேட்கும் சோனார் கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக இட்டார். ஆனால் இடாப்புக் கூப்பிடுகையில் "வந்திருக்கிறேன், சேர்" என்று சொல்லும் மாணவன் பாடத்தைக் கவனிக்கிறான் என்பதற்கு உறுதி உண்டா? இருபது ஆண்டு ஆசிரியத் தொழில் செய்த எமக்கு அது தோன்றாமற் போயிற்று.

ஒருநாள், எமக்கு உதவியாயிருந்த உயர்தர வகுப்பு மாணவன் வந்து, "சேர், எல்லாத்துக்கும் பக்கத்திலை சாம்பல் நிறக் கேள்விக்குறி நிக்குது" என்றான்.

"எல்லாம் ஓடுது தானே, விடும் தம்பி" என்றோம். அவன் மறுபேச்சின்றிப் போய்விட்டான்.

உண்மையில் நிகழ்ந்தது இதுதான். எமது சேவரில், குடியிருக்கும் கணினிகளின் நிலையையும் களஞ்சியங்களின் நிலையையும் ஒவ்வொன்றாக விசாரித்துச் சொல்லும் சேவை ஒன்றுண்டு. இரவுதோறும் எடுக்கப்படும் பிரதிகளைச் சேமித்துவைக்கும் பெட்டி, வலையமைப்பின் மறுமுனையில் பேச்சின்றிக் கிடந்தது. அதன் மறுமொழிக்காகக் காத்திருந்த சேவை அங்கேயே சிக்கி நின்றுவிட்டது. சேவைப் பட்டியலில் அது 'இயங்குகிறது' என்றே காணப்பட்டது. உயிர் இருந்தது, தொழில் இல்லை. குடியிருந்த கணினிகளோ ஒரு குறையுமின்றி ஓடின. பிரதியெடுக்கும் முயற்சி மட்டும் ஒவ்வோர் இரவும் தோற்றது. அத்தோல்வியை அறிவித்த கடிதங்கள், இளைப்பாறிச் சென்ற முன்னைய பொறுப்பாசிரியரின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன.

நான்காவது வாரம் சேவரின் வட்டுப் பழுதடைந்தது. எம்மிடம் எஞ்சியது மூன்று வாரத்துக்கு முந்திய பிரதியே. அவ்விடைக்காலத்தில் பதியப்பட்ட தவணைப் பரீட்சைப் புள்ளிகள் யாவும் மறைந்தன. பெரும்பாலான ஆசிரியர் குறிப்பேடு வைத்திருந்தனர். ஓர் ஆசிரியை மட்டும் எமது கணினியை நம்பி, நாற்பது விடைத்தாள்களையும் மாணவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவற்றை மீண்டும் கொண்டுவருமாறு கேட்டோம், முப்பத்தேழு வந்தன. ஏனைய மூவரும் தத்தம் புள்ளியைத் தாமே சொன்னார்கள். அவர்களுள் ஒருவன் சொன்ன எண் இருபத்தெட்டு. அவனது நேர்மையின் முன் நாம் தலைகுனிந்தோம்.

மென்பொருளைக் குறைகூற இடமில்லை. "எனக்குத் தெரியவில்லை" என்பதையே அக்கேள்விக்குறி உள்ளபடி சொல்லிற்று. தெரியவில்லை என்பதை நலமென்று வாசித்தது எமது பிழை.

இப்போது "இருக்கிறாயா?" என்று கேட்பதோடு நாம் நிற்பதில்லை. புள்ளிப் பதிவேட்டிலிருந்து ஒரு வரியை எடுத்துத் தரும்படி கேட்கின்றோம். நிலை கூறும் சேவை கடைசியாக எப்போது பேசியது, கடைசிப் பிரதிக்கு வயதென்ன, வட்டில் எவ்வளவு இடமுண்டு என்பவற்றையும் பார்க்கின்றோம். காவல் செய்யும் நிரலை அதே சேவரில் வைக்காது வேறொரு சிறு கணினியில் வைத்துள்ளோம். வீடு எரியும்போது காவற்காரனும் உள்ளே அகப்பட்டால் கூவுவார் யார்? தவணைக்கொரு முறை ஒரு பிரதியைத் திறந்தும் பார்க்கின்றோம். எச்சரிக்கைக் கடிதங்கள் இருவருக்குப் போகின்றன.

அவ்விருவருள் ஒருவன் அம்மாணவன். வகுப்பு முழுவதும் கேட்க, "நீர் சொன்னதே சரி, தம்பி, நாம் கேட்டிருக்க வேண்டும்" என்று கூறியே அப்பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தோம்.