முகத்தைப் பார்த்துப் பதில் சொன்ன தெரு

திருவாரூரில் எங்கள் தெருமுனைப் படிப்பகம் ஓடு வேய்ந்த ஒரு சார்ப்புதான். இரண்டு பெஞ்சு, சுவரில் பெரியாரும் அண்ணாவும், வாசலில் கொடிக்கம்பம். 1942இல் இதே ஊரில் துண்டறிக்கையாகப் பிறந்த முரசொலி, காலையில் வந்ததும் பிரிக்கப்படும். எழுத்து தெரியாத வண்டிக்காரர்களும் கூலியாட்களும் பள்ளிக்கூடம் போகிற பையன் எவனையாவது பிடித்து, "படிடா தம்பி" என்பார்கள். "உடன்பிறப்பே" என்று தொடங்கும் கலைஞரின் கடிதத்தை நான் சத்தமாகப் படித்த காலைகள் ஏராளம். எங்காவது திணறினால், கேட்டுக் கேட்டு அந்த நடை பழகிப்போன வண்டிக்காரர் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார். பள்ளியில் கிடைக்காத தமிழ் அது.

எதிரே டீக்கடை. அங்கே இரட்டை இலைக்காரர்கள். தீக்கதிர் படிக்கிற விவசாயச் சங்கத் தோழர்கள். கடிதம் முடிந்ததும் அங்கிருந்து குரல் வரும்: "அதெல்லாம் சரிண்ணே, அறுப்புக் கூலியைப் பத்தி ஒரு வரி உண்டா?" பதில் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் அவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும்! பொய்யைச் சொல்லிவிட்டு ஓடி ஒளிய எங்கள் தெருவில் இடமே கிடையாது. 1989 தேர்தல் முடிவுகளை ரேடியோவில் கேட்டுக் கரும்பலகையில் எழுதியபோது, தோற்றுக்கொண்டிருந்த கட்சிக்காரரும் பக்கத்தில் நின்று எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னார்.

மாலை நேரத்தை முதலில் டிவி எடுத்துக்கொண்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை இலவசமாகக் கொடுத்ததும் காலை நேரமும் போயிற்று. ஒரே பெஞ்சில் நாலு பேர், நாலு கையிலும் நாலு வேறு செய்தி. அவரவருக்குப் பிடித்ததையே தேடித் தேடித் தருகிறது ஃபோன். கட்சிகளின் ஐ.டி. விங் அனுப்புவதை அப்படியே ஃபார்வர்ட் செய்கிறார்கள்; யார் எழுதியது என்று கேட்டால் ஆளில்லை. எதிர்க்கட்சிக்காரரை நேரில் ஒருமையில் பேசத் துணியாதவர்கள், பெயரற்ற கணக்கில் அவர் வீட்டுப் பெண்களை இழுக்கிறார்கள். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஆனால் அந்தப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் அம்மா வாசல் தெளிக்கிற சாக்கில் நின்று கடிதத்தைக் கேட்பார். கருத்தை அடுப்படியில்தான் சொல்வார். 2017 ஜனவரியில் மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது விளக்குகள் அணைந்த இரவில் செல்ஃபோன் வெளிச்சத்தை உயர்த்தி நின்ற கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர்! ஃபோன் வழியாகவே சேதி அறிந்து வந்தவர்கள். எந்தக் கட்சியின் அனுமதியையும் அவர்கள் கேட்கவில்லை.

இப்போது எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் உரக்கக் கேட்கிற குரல் என் அக்காவுடையது. சாக்கடை அடைத்துக் கிடப்பதைப் படமெடுத்துப் போட்டாள். கவுன்சிலர் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினார். அக்கா விடவில்லை: "தம்பி, பொம்மை வேண்டாம். தெருவுக்கு வந்து எங்க முகத்தைப் பாத்துப் பதில் சொல்லுங்க."