கல்லறைத் தோட்டத்திற்கு வெளியே



“ஐயா, எங்களை எங்கே அடக்கம்பண்ணுவார்கள்?” மாநகரில் ஊழியஞ்செய்யும் என்னிடம் முதிய விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிழைப்புக்காக வந்தோம்; பெற்றோர் சொந்த ஊர் ஆலயத்தருகே உறங்குகிறார்கள். நமக்கோ இங்கே ஆறடி நிலமும் சொந்தமில்லை.

வேதாகமக் கல்லூரியின் சபைச் சரித்திர வகுப்பில் நான் அறிந்த ஒரு கிராமத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது இங்கிலாந்தின் டெர்பிஷயரிலுள்ள ஈம். அங்கே பரிசுத்த லாரன்ஸ் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கற்சிலுவை ஒன்று இன்றும் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக ஊரார் அடக்கம்பண்ணப்பட்ட இடம் அது.

1665-இல் லண்டனிலிருந்து ஒரு தையற்காரருக்கு வந்த துணிப்பொதியோடு கொள்ளைநோயும் வந்தது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. முதலில் மரித்தவர் செப்டம்பர் 7-ஆம் தேதி அடக்கம்பண்ணப்பட்டார். 1666 கோடையில் நோய் உக்கிரமடைந்தது. அப்போது குருவானவர் வில்லியம் மாம்பெசனும், அரசின் சபை ஒழுங்குக்கு இணங்காததால் பதவியிழந்திருந்த முன்னாள் போதகர் தாமஸ் ஸ்டான்லியும் பேதங்களை விட்டு ஒருமனப்பட்டார்கள். அயலூர்களுக்கு நோய் பரவாதபடி ஒருவரும் எல்லையைக் கடக்கலாகாது. ஆலயத்தைப் பூட்டித் திறந்தவெளியில் ஆராதிக்கவேண்டும். மரித்தோரை அவரவர் குடும்பத்தாரே தங்கள் நிலத்தில் அடக்கம்பண்ணவேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

கடைசித் தீர்மானத்தைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். முன்னோர்களோடு ஆலய வளாகத்தில் உறங்கும் பாக்கியத்தையும் அந்த ஜனங்கள் பிறருக்காக விட்டுக்கொடுத்தார்கள். எலிசபெத் ஹான்காக் என்னும் தாய் ஆகஸ்டில் எட்டே நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இழந்தார். ஏழு பேரையும் தம் கைகளாலேயே வீட்டருகே வயலில் அடக்கம்பண்ணினார். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் கணவரோடு தங்கிய மாம்பெசனின் மனைவி கேத்தரினும் அம்மாதமே மரித்தார். அவருடைய கல்லறை ஆலய வளாகத்தில் இருக்கிறது. 14 மாதங்களில் சுமார் 260 பேர் மாண்டார்கள். இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறன்று, அன்று ஆராதித்த திறந்தவெளியிலே ஜனங்கள் கூடி அவர்களை நினைவுகூருகிறார்கள்.

2021-இல் கொரோனாவினால் மரித்த ஒரு தகப்பனாரை, நான்கைந்து பேர் மட்டும் நிற்க, இந்நகரின் கல்லறையில் ஜெபித்து அடக்கம்பண்ணினேன். “ஊர் மண்ணில் வைக்க முடியவில்லையே!” என்று கைபேசியில் மகன் கதறினார். அவருக்கு நான் ஈம் ஊரின் சரித்திரத்தைச் சொன்னேன். கேத்தரின் ஆலயத்தருகில் உறங்குகிறார். அந்த ஆறு பிள்ளைகளோ வயலில் உறங்குகிறார்கள். உயிர்த்தெழுதலின் நாளில் இரண்டு இடங்களையும் கர்த்தர் அறிவார் என்றேன். வெகுநேரம் மௌனமாயிருந்து, “ஆமென்” என்றார்.

தேவபிள்ளைகளே, பரதேசியாய்ச் சஞ்சரித்த ஆபிரகாம், வாக்குத்தத்த தேசத்தில் விலைகொடுத்து வாங்கிய நிலம் எது? சாராளை அடக்கம்பண்ணுவதற்காக 400 சேக்கல் வெள்ளிக்கு வாங்கிய மக்பேலா நிலமே. ஊர் மண்ணை நேசிப்பது பாவமல்ல. ஆனால் சரீரத்தை ஆயிரம் மைல் கொண்டுசெல்லக் கடன்பட்டு, விதவையையும் பிள்ளைகளையும் துயரத்தோடு கடனிலும் விட்டுச்செல்லலாமா? சுகமாயிருக்கும்போதே உங்கள் விருப்பத்தைக் குடும்பத்தாரிடம் மனந்திறந்து பேசுங்கள். “எங்கே வைத்தாலும் சமாதானமே” என்று நீங்கள் சொல்லிவைக்கும் ஒரு வார்த்தை, அந்நாளில் உங்கள் பிள்ளைகளின் பாரத்தைப் பாதியாய்க் குறைக்கும்.