முக்கூடலில் இறங்கிய விமானம்

சித்தப்பாவின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த சாயங்காலம், சீவலப்பேரி வீட்டில் சித்தி ஒரு நாற்பது பக்க நோட்டை என்னிடம் கொடுத்தாள். பென்சிலால் கட்டம் கட்டமாக வரைந்த சித்திரக்கதை. நாயகன் விங் கமாண்டர் ஜார்ஜ்.

"ஒனக்குக் காட்டணும்னுதான் எடுத்து வச்சிருந்தாக. பொறவு, வேண்டாம்னுட்டாக."

ஏன் வேண்டாம் என்றார் என்பது எனக்குத் தெரியும். பழைய சாகச நாயகர்களுக்குப் புதுக்கதை கட்டுவது பிணத்துக்குப் பவுடர் பூசுகிற காரியம் என்று சென்ற வருஷம் இதே பக்கங்களில் நான் எழுதியிருந்தேன். நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிக்கிற ஒரே உறவினர் அவர்.

1972-இல் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்த சிவகாசி முத்து காமிக்ஸ் வரிசையில் வந்தவன் ஜார்ஜ். ஃபிராங்க் ராபின்ஸ் 1944 முதல் 1977 வரை எழுதி வரைந்த ஜானி ஹஸார்டுக்கு இங்கே இட்ட பெயர். சித்தப்பா சேர்த்து வைத்த கட்டிலிருந்துதான் நானும் படித்தேன். பி.ஏ. இங்கிலீஷ் அதை மறக்கச் சொல்லிக்கொடுத்தது.

அந்தக் கட்டுரையில் நான் ஏர்பாயைப் பற்றிச் சொல்லவில்லை. தெரியாமல் அல்ல, என் வாதத்துக்கு அவன் இடைஞ்சல். 1942-இல் ஹில்மன் கம்பெனி வெளியிட்ட விமானி அவன். வௌவால் மாதிரி இறக்கை அடித்துப் பறக்கும் விமானம் அவனுடையது. 1953-இல் நின்றுபோனான். பதிப்புரிமையைப் புதுப்பிக்காததால் பொதுச்சொத்தானான். 1986-இல் எக்லிப்ஸ் கம்பெனி அவனை மறுபடி எடுத்தபோது, முதல் இதழிலேயே வயதாகிவிட்ட அவனைக் கொன்றார்கள். மகன்தான் விமானத்தில் ஏறுகிறான். இது பவுடர் பூசுகிற காரியமில்லை. நடுவில் கழிந்த முப்பது சொச்சம் வருஷத்தைக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

அமெரிக்காவரை போயிருக்கவே வேண்டாம். நம் பக்கத்துக் கொடைகளில் வில்லில் பாடப்படும் முத்துப்பட்டன் யாருடைய சொத்து? மாடு மீட்கப் போய்ச் சாகிற அவனை வருஷா வருஷம் சாகடித்து வருஷா வருஷம் எழுப்புகிறோம். ஒவ்வொரு பாட்டுக்காரரும் தன் பங்குக்கு நாலு அடி கூட்டுகிறார். அதை நாம் மரபு என்கிறோம். சித்திரக்கதை என்றால் மட்டும் முகம் சுளிக்கிறோம். சுளித்தவர்களில் நானும் ஒருவன்.

ஜார்ஜுக்கு உரிமைக்காரர்கள் உண்டு. சித்தப்பாவின் கதையை அச்சேற்ற முடியாது. பாங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த வித்தியாசம்தான் முதலில் படுகிறது: கேட்பாரற்ற கணக்கு வேறு, அடுத்தவர் கணக்கு வேறு.

கதை இவ்வளவுதான். சிற்றாறு தாமிரவருணியில் கலக்கும் முக்கூடலில், மணலில் விமானம் இறங்குகிறது. ஜார்ஜுக்கு நரைத்திருக்கிறது. பெட்ரோல் இல்லை. வில்லன், குண்டு, அழகி யாரும் இல்லை. பெட்ரோல் கேட்டு ஊருக்குள் நடக்கிறான். சுடலைமாடன் கோயில் கொடை. கூட்டத்தின் ஓரத்தில் நின்று வில்லுப்பாட்டுக் கேட்கிறான். பாஷை புரியவில்லை, ஆனால் நகரவில்லை. படம் சுமார்தான். கைகள் சரியாக வரவில்லை. விமானம் மட்டும் அச்சாக இருக்கிறது.

இருபத்தேழாம் பக்கத்துக்குப் பிறகு ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறார், கடைசிவரை. ஒன்றிலும் படமில்லை. என் கட்டுரை வந்த மாதத்தில் நிறுத்தினாரா, உடம்பு படுத்தியதால் நிறுத்தினாரா என்று சித்தியிடம் கேட்கலாம்.

கேட்கவில்லை. நோட்டையும் திருப்பிக் கொடுக்கவில்லை.