நின்று பார்க்க ஐந்து பவுண்ட்

செப்டம்பர் பாதி கடந்ததும் லண்டனின் ப்ளூம்ஸ்பரி பகுதி நடைபாதைகளில் சக்கரப் பெட்டிகள் உருளும் சத்தம் கூடிவிடுகிறது. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சுற்றி, ஒரே அச்சில் வார்த்தது போல வரிசையாக நிற்கும் பழைய செங்கல் வீடுகளுக்குள் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறுகிறார்கள். பல வீடுகளில் லிஃப்ட் கிடையாது. பெரும்பாலோர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். ஒரு பருவம், அதாவது மூன்று மூன்றரை மாதம், நாடகம் படிக்க வந்தவர்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாடகம் பார்க்க வேண்டும்; மறுநாள் காலை வகுப்பில் அதைப் பற்றி வாதாட வேண்டும்; குறிப்பேட்டில் எழுத வேண்டும். பாடத்திட்டம் என்று பார்த்தால் இவ்வளவுதான்.

கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு வாரம் இவர்களில் பாதிப் பேர் இரண்டாவது அங்கத்தில் தூங்கிவிடுகிறார்கள். ஆறேழு மணி நேரக் கால வித்தியாசம் உடம்பை விட்டு இறங்காத நிலையில் இருட்டான அரங்கில் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஷேக்ஸ்பியரும் தாலாட்டாகிவிடுகிறார். பகலில் வேறு கவலைகள். பொதுச் சமையலறையில் யாருடைய பால் யாருடையது, நகரும் படிக்கட்டில் ஏன் வலப்பக்கமே நிற்க வேண்டும், பாதாள ரயிலுக்கு ஆகும் செலவை எப்படிக் குறைப்பது. கடைசிக் கேள்விக்குப் பதில் சிவப்பு பஸ். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம்தான். 2025இல் அது 1.75 பவுண்ட். காசு நீட்டினால் வாங்கமாட்டார்கள்; 2014லிருந்து அட்டை மட்டும்தான். சாப்பாட்டுக்கு யூஸ்டன் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ட்ரம்மண்ட் தெருவில் மசாலா தோசையும் பேல்பூரியும் கிடைக்கும் என்பதை அமெரிக்கப் பிள்ளைகள்கூட இரண்டாவது வாரத்துக்குள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

நகரம் பிடிபடுவது நடக்க ஆரம்பித்த பிறகுதான். ப்ளூம்ஸ்பரியிலிருந்து தேம்ஸ் நதியின் தென்கரைக்கு நடந்தே போகலாம். அரை மணிக்குச் சற்றுக் கூட ஆகும். டாவிஸ்டாக் சதுக்கத்தில் 1968இல் வைத்த காந்தி சிலை சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. சற்றுத் தள்ளி கவர் தெருவில் ராடா எனப்படும் ராயல் அகாதமி நாடகப் பள்ளி. தெற்கே இறங்கினால் கவென்ட் கார்டன், ட்ரூரி லேன் என்று வாசலுக்கு வாசல் நாடக விளம்பரம். ஆல்ட்விச் வளைவில் தூண்களோடு நிற்கும் புஷ் ஹவுஸைத் தமிழர்களால் சும்மா கடந்துபோக முடியாது. பிபிசி தமிழோசை பல பத்தாண்டுகள் இந்தக் கட்டடத்திலிருந்துதான் பேசியது. 2012இல் பிபிசி காலி செய்துவிட்டது. இப்போது கிங்ஸ் கல்லூரி மாணவர்கள் போய்வருகிறார்கள். அடுத்தது வாட்டர்லூ பாலம். இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பெருமளவில் பெண் தொழிலாளர்கள் உழைத்துக் கட்டிய பாலம் அது. அதன் மறுமுனையில் சாம்பல் நிறக் கான்கிரீட் மலையாக நேஷனல் தியேட்டர்.

டெனிஸ் லாஸ்டன் வடிவமைத்த இந்தக் கட்டடம் 1976இல் திறக்கப்பட்டது. லண்டன் நடுவே யாருடைய ஆட்சேபமும் இல்லாமல் ஓர் அணுமின் நிலையத்தைக் கட்டிவிட்டார்கள் என்று இன்றைய மன்னர் சார்லஸ் இளவரசராக இருந்தபோது 1988இல் கிண்டல் செய்தார். வெளித்தோற்றத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. உள்ளே மூன்று அரங்குகள். ஆனால் மாணவர்கள் முதலில் சுவீகரித்துக்கொள்வது அரங்குகளை அல்ல, முன்கூடத்தை. டிக்கெட் இல்லாமலே யாரும் உள்ளே வரலாம். பகல் முழுக்க ஒரு காபியை வைத்துக்கொண்டு படிக்கலாம், எழுதலாம், குழந்தையைத் தவழவிடலாம். காவலாளி வந்து என்ன வேலை என்று கேட்பதில்லை. அரசு மானியம் பெறும் ஒரு கலாசாலை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை. நம் ஊர் அகாதமிகளின் வாசலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அடுத்த பாடம் டிக்கெட். வகுப்புக்காகப் பார்க்கும் நாடகங்களுக்குக் கல்லூரியே ஏற்பாடு செய்துவிடும். பிடித்த நாடகத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டுமானால் சொந்தக் காசு. பிரபல நட்சத்திரங்கள் நடிக்கும் வெஸ்ட் எண்ட் நாடகங்களில் முன்வரிசை நாற்காலி 300 பவுண்டைத் தாண்டியதுண்டு; நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். அதே அரங்கின் உச்சி மாடத்தில், தூண் மறைக்கும் இடம் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் கிடைக்கும். லெஸ்டர் சதுக்கத்தில் 1980லிருந்து அன்றன்று மிஞ்சும் டிக்கெட்டுகளைக் குறைந்த விலைக்கு விற்கும் சாவடி ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் விடிகாலையில் தியேட்டர் வாசலில் போர்வையோடு வரிசையில் உட்கார்ந்து அன்றைய டிக்கெட் வாங்குவார்கள். இப்போது அந்த வரிசை பெரும்பாலும் கைப்பேசிக்குள் போய்விட்டது; காத்திருந்து பொத்தானை அழுத்துகிறார்கள், அல்லது குலுக்கலில் பெயர் கொடுக்கிறார்கள். குளிர் இல்லை. வரிசையில் பக்கத்தில் நிற்பவரோடு பேச்சும் இல்லை.

உச்சி மாடத்தில் உட்கார்ந்தால்தான் இந்த அரங்குகள் யாருக்காகக் கட்டப்பட்டவை என்று விளங்குகிறது. விக்டோரியா காலத்துத் தியேட்டர்களில் கனவான்களுக்கு முன்வாசல், சரவிளக்கு, சிவப்புக் கம்பளம். மாடத்துக்குப் போகிறவர்களுக்குப் பக்கத்துச் சந்தில் தனி வாசல், தனிப் படிக்கட்டு, தலை இடிக்கும் கூரை. ஒரே நாடகத்தைப் பார்க்க வந்த இரண்டு வர்க்கங்கள் படிக்கட்டில்கூட உரசிக்கொள்ளக் கூடாது என்று கவனமாகத் திட்டமிட்டிருக்கிறார்கள். சில தியேட்டர்களில் அந்தச் சந்து வாசல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. மாணவர்கள் அதன் வழியாகத்தான் ஏறுகிறார்கள்.

அதனால்தான் குளோப் தியேட்டருக்குப் போகும் நாள் முக்கியமாகிவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் கம்பெனி 1599இல் கட்டிய குளோப், 1613இல் ஒரு நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி கூரை வைக்கோலில் பட்டு எரிந்துபோனது. மறுபடி கட்டியதைப் பியூரிட்டன்கள் காலத்தில் மூடிவிட்டார்கள். சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் 1949இல் லண்டனுக்கு வந்து அந்த இடத்தைத் தேடியபோது, ஒரு மதுபான ஆலைச் சுவரில் அழுக்கேறிய தகடு ஒன்றுதான் இருந்தது. ஷேக்ஸ்பியரின் தேசத்தில் இவ்வளவுதானா என்று மலைத்தவர், பின்னர் மெக்கார்த்தி காலத்துக் கம்யூனிஸ்ட் வேட்டையால் ஊர் திரும்ப முடியாமல் இங்கிலாந்திலேயே தங்கினார். 1970இல் அறக்கட்டளை தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் நிதி திரட்டி அலைந்தார். 1993இல் அவர் இறந்தபோது கட்டடம் முடிந்திருக்கவில்லை. 1997இல் திறந்தது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு லண்டனில் வைக்கோல் கூரை வேய அனுமதி கிடைத்த முதல் கட்டடம் இது. கூரைக்குள் தண்ணீர்க் குழாய்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர்கள் மறந்துபோனதை ஓர் அமெரிக்கர் வந்து ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது என்பதை இந்த அமெரிக்கப் பிள்ளைகள் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

மேடையைச் சுற்றியுள்ள திறந்த முற்றத்தில் சுமார் 700 பேர் நிற்கலாம். ஷேக்ஸ்பியர் காலத்தில் இதற்கு ஒரு பென்னி. 1997இல் 5 பவுண்ட். கால் நூற்றாண்டு வரை அந்த விலையை ஏற்றவில்லை, பிறகுதான் சில காட்சிகளுக்குக் கொஞ்சம் கூட்டினார்கள். நாடகம் நடக்கும்போது தரையில் உட்காரக் கூடாது. மழை பெய்தால் குடை விரிக்கக் கூடாது, பின்னால் நிற்பவருக்கு மறைக்கும். மூன்று மணி நேரம் கால் மரத்துப்போகும். ஆனால் நடிகரின் காலடி உங்கள் முகத்துக்கு நேரே இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் நீங்கள் அவரைப் பார்ப்பது போலவே அவரும் உங்களைப் பார்க்கிறார். கொலை செய்யலாமா வேண்டாமா என்று உங்களைத்தான் கேட்கிறார். அதிக விலை கொடுத்து மாடத்தில் மெத்தை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்திருப்பவருக்கு இது கிடைக்காது. வட ஆற்காடு பக்கம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பெரிய அதிசயம் இல்லை. கட்டியங்காரன் கூட்டத்தில் ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கிண்டல் செய்யும்போது நடப்பதும் இதுதான். ஆனால் இருட்டில் கைகட்டி உட்கார்ந்து பழகிய தலைமுறைக்கு இது மின்சாரம் தாக்கியது போல இருக்கிறது. அடுத்த வகுப்பில் அதுவரை வாயே திறக்காதவர்களும் பேசுகிறார்கள்.

ஸ்லோன் சதுக்கத்து ராயல் கோர்ட் இன்னொரு வகைப் பாடம். ஜான் ஆஸ்பர்னின் 'லுக் பேக் இன் ஆங்கர்' 1956இல் இங்குதான் மேடையேறியது. நாடகப் பிரதியையே நிகழ்ச்சி நிரலாக அச்சிட்டு விற்பது இவர்கள் வழக்கம். எட்வர்ட் பாண்டின் 'சேவ்ட்' 1965இல் தணிக்கையில் சிக்கியபோது, அரங்கத்தை உறுப்பினர் கிளப் என்று அறிவித்து நடத்தியதும் இங்கேதான். 1737லிருந்து பிரிட்டனில் ஒவ்வொரு புது நாடகத்துக்கும் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லினின் அனுமதி வேண்டியிருந்தது. 1968இல்தான் அது ஒழிந்தது. அதற்கு மறுநாள் நிர்வாணக் காட்சி உள்ள 'ஹேர்' வெஸ்ட் எண்டில் தொடங்கியது. நமக்கு இந்தக் கதையின் பின்பகுதி தெரியும். கல்கத்தா மேடைகளின் கிண்டலைப் பொறுக்காமல் வெள்ளைக்காரர்கள் 1876இல் இந்தியாவில் கொண்டுவந்த நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம், அவர்கள் தங்கள் ஊர்த் தணிக்கையைத் தூக்கியெறிந்து அரை நூற்றாண்டு கழித்து, 2018இல்தான் நம் சட்டப் புத்தகத்திலிருந்து போனது. எம்.ஆர். ராதாவைக் குறிவைத்தது என்று பேசப்பட்ட 1954ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது 2013இல்.

வகுப்புப் பட்டியலில் எப்போதும் இடம்பெறாத, மாணவர்கள் தாங்களே தேடிப்போகும் அரங்குகளும் உண்டு. தென்மேற்கே எர்ல்ஸ்ஃபீல்டில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது தாரா தியேட்டர். சவுத்ஹாலில் 1976இல் குர்தீப் சிங் சக்கர் என்ற சீக்கிய இளைஞர் இனவெறிக்குப் பலியானபோது எழுந்த கோபத்தில், ஜதீந்தர் வர்மாவும் நண்பர்களும் மறு ஆண்டு தொடங்கிய குழு இது. முதல் நாடகம் தாகூருடையது. 1990இல் வர்மா நேஷனல் தியேட்டரில் மோலியேரின் 'தார்த்தூஃப்' நாடகத்தை இந்தியப் பின்னணியில் இயக்கினார். சால்ஃபோர்ட் பாகிஸ்தானியக் குடும்பத்தைப் பற்றிய அயூப் கான் தின்னின் 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' 1996இல் தமாஷா குழு வழியாக வந்தது. வெஸ்ட் எண்டை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு இந்த லண்டன் தெரியாமலே போய்விடும்.

இந்தப் பிள்ளைகளுக்கு நடுவே இந்தியாவிலிருந்து வந்த நாடக மாணவர் அரிது. அமெரிக்கர் ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்கு விசா இல்லாமல் வரலாம். 2025லிருந்து மின்னணு அனுமதி ஒன்று போதும். நமக்கு விசா, வங்கி இருப்புக்கான அத்தாட்சி, பவுண்டுக்கு நூறு ரூபாய்க்கு மேல் என்ற கணக்கு. இத்தனைக்கும் இந்தத் தெருக்களிலிருந்து நமக்கு வந்தது கொஞ்சமல்ல. இப்ராஹிம் அல்காஜி ராடாவில் படித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். 1962லிருந்து 1977 வரை தில்லி தேசிய நாடகப் பள்ளியை நடத்தினார். லண்டனில் கற்ற ஒழுங்கை எடுத்துக்கொண்டு, பெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளிலும் பழைய கோட்டையிலும் 'அந்தா யுக்', 'துக்ளக்' நாடகங்களை வானத்தின் கீழ் போட்டார். அவரிடம் படித்த பேராசிரியர் சே. ராமானுஜம் வழியாக அந்தப் பயிற்சி காந்திகிராமம் வரை வந்தது.

லண்டனிலும் எல்லாம் நிலைத்திருப்பதில்லை. 2022 நவம்பரில் இங்கிலாந்துக் கலைக் கவுன்சில் தன் மானியப் பட்டியலிலிருந்து டொன்மார் வேர்ஹவுஸ், ஹாம்ஸ்டெட் ஆகிய அரங்குகளை நீக்கிவிட்டது. மானியம் போனால் முதலில் அடிபடுவது மலிவு டிக்கெட்டும் புது எழுத்தாளரும்தான். 2025 கோடையில் பலேடியம் அரங்கில் 'எவிட்டா' நடந்தபோது, நாடகத்தின் புகழ்பெற்ற பாட்டை நாயகி ரேச்சல் ஜெக்லர் வெளி மாடத்தில் வந்து நின்று தெருவைப் பார்த்துப் பாடினார். உள்ளே பெரும் பணம் கொடுத்தவர்கள் அதைத் திரையில் பார்த்தார்கள். தெருவில் நின்றவர்களுக்கு இலவசம். தினமும் கூட்டம் கூடியது. கொடுத்த பணம் வீண் என்று சிலருக்குக் கோபம். ஏவா பெரோனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான மேடை உண்டா என்று சிலர் கேட்டார்கள். நான் இரண்டாவது கட்சி.

நவம்பரில் நான்கரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. குளோபின் முற்றம் அக்டோபரோடு மூடியாகிவிட்டது. பக்கத்திலேயே 2014இல் திறந்த வானமேக்கர் பெயரிலான சின்ன அரங்கில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாடகம். பார்க்கத் தவறியவற்றின் பதிவுகளை ஓல்ட் விக்குக்குப் பக்கத்தில் நேஷனல் தியேட்டர் ஆவணக் காப்பகத்தில் முன்பதிவு செய்து காசில்லாமல் பார்க்கலாம் என்பது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இப்போது யாரும் தூங்குவதில்லை. இடைவேளையில் இரும்புத் திரை இறங்கும்போது ஐஸ்கிரீமைச் சுரண்டியபடி, முதல் அங்கம் ஏன் தேறவில்லை என்று பக்கத்து இருக்கைக் கிழவியோடு வாதாடுகிறார்கள். டிசம்பரில் ஊர் திரும்பும்போது, ஜனவரியில் வரப்போகிறவர்களுக்குச் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டிவைக்கிறார்கள். எந்த பஸ், எந்தத் தியேட்டரில் எந்தத் தூண் மறைக்கும், எந்தப் படிக்கட்டில் தலை இடிக்கும், எந்தக் கடையில் பால் மலிவு.