பின்கோடு சரிதான் பாஸ், ஸ்டேட்தான் இடிக்குது!

நெட்டில் ஏதாவது ஆர்டர் பண்ணும்போது, முகவரி கேட்கும் பக்கத்தில் உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பேர், தெரு, பின்கோடு என்று டக் டக்கென அடித்தால் அரை நிமிஷம். உங்கள் ஊர் திருச்சியோ திருநெல்வேலியோ என்றால், பின்கோடை அடித்ததுமே 'மாநிலம்' என்கிற கட்டம் தானாக நிரம்பிவிடும். அப்படி ஒரு கட்டம் இருப்பதையே நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். எங்களுக்கு அந்தக் கட்டம்தான் பரீட்சை ஹால்!

'எங்களுக்கு' என்றால் திருவேட்டக்குடிக்காரர்களுக்கு. காரைக்கால் டவுனுக்கு வடக்கே, கடலோரமாக இருக்கிற ஊர். சிவன் வேடனாக வந்தார் என்பது தலபுராணம், சம்பந்தர் வந்து பாடியிருக்கிறார். ஊரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் நண்டலாறு. பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு... பொறையார், தரங்கம்பாடி. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அதுவும் தமிழ்நாடு. மேற்கேயும் தமிழ்நாடு. கிழக்கே மட்டும் யாருக்கும் சொந்தமில்லாத கடல். நடுவில் நாங்கள், புதுச்சேரி யூனியன் பிரதேசம். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். சட்டப்படி முழுசாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. அதனால் ஆகஸ்ட் 15-க்கு அடுத்த நாளும் எங்களுக்கு லீவு. (புகை வருதா? காதைப் பொத்திக்குங்க!)

காரைக்கால் என்று சொன்னதும் நீங்கள் ஒரு தினுசாகச் சிரிப்பீர்கள், தெரியும். பெட்ரோலும் இன்னொரு சமாசாரமும் இங்கே விலை கம்மி, அவ்வளவுதானே? அந்த ஜோக்கைப் பத்தாயிரம் தடவை கேட்டாச்சு. தவிர, 2025 ஜனவரி 1 முதல் பெட்ரோல், டீசலுக்கு வாட் வரியை ஏற்றிவிட்டதில் அந்த வித்தியாசமும் சுருங்கிவிட்டது. நான் சொல்ல வருவது எதிர்ப்பக்கம். எல்லைக்குள் இருப்பதற்காக நாங்கள் கொடுக்கிற விலை.

முதலில் பின்கோடு கதை. எங்களுடையது 609609. பார்க்க லாட்டரி நம்பர் மாதிரி அழகாக இருக்கும். மயிலாடுதுறை 609001, தரங்கம்பாடி 609313. அதாவது முதல் மூன்று இலக்கமும் எல்லோருக்கும் ஒன்றே. ஏன்? 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தபோது அஞ்சல் துறைக்குத் தேவைப்பட்டது, கடிதம் எந்த வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டுமே. எந்த முதலமைச்சர் ஆளுகிறார் என்பது தபால் பைக்கு எதற்கு? அதனால்தான் கேரளாவுக்குள் இருக்கும் மாஹே 673310, ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாம் 533464. மூன்றும் ஒரே யூனியன் பிரதேசம், மூன்று திசைப் பின்கோடு. சரியான ஏற்பாடு. அதில் ஒரு குறையும் கிடையாது.

வில்லங்கம் ஆரம்பித்தது, வெப்சைட் எழுதியவர்கள் பின்கோடை வைத்தே மாநிலத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று முடிவு பண்ணியபோது. 60 முதல் 64 வரை வந்தால் தமிழ்நாடு, மேட்டர் ஓவர்! கோடிங் படிக்கிற நமக்குத் தெரியும், அது ஒரே ஒரு 'இஃப்' கண்டிஷன். எழுத ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் காரைக்கால் காலி. நான் 'புதுச்சேரி' என்று தேர்ந்தெடுத்தால், 'பின்கோடும் மாநிலமும் பொருந்தவில்லை' என்று சிவப்பு எழுத்தில் திட்டும். சரி, 'தமிழ்நாடு' என்று போட்டால் அடுத்து மாவட்டம் கேட்கும். அந்தப் பட்டியலில் காரைக்கால் எப்படி இருக்கும்? சில இடங்களில் இன்னும் 'பாண்டிச்சேரி' என்றே இருக்கிறது. பேர் மாறியது 2006-ல், அதாவது நான் பிறப்பதற்கு முன்னாலேயோ, பிறந்த ஜோரிலேயோ!

பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர் எப்போதும் தமிழ்நாடு, நாகப்பட்டினம் என்றே போடுவார். பார்சல் ஒழுங்காக வந்துவிடும். டெலிவரி பையன் பார்ப்பது ஆறு நம்பரையும் போன் நம்பரையும்தான். போன் கம்பெனிகள் கணக்கிலும் நாங்கள் தமிழ்நாடு வட்டம். வண்டியில் பி.ஒய். 02. டி.வி-யில் வானிலை அறிக்கை மட்டும்தான் மரியாதையாக 'தமிழ்நாடு, புதுச்சேரி மற்றும் காரைக்கால்' என்று தனியாகப் பேர் சொல்லிக் கூப்பிடும். அதுவும் புயல் வருகிறபோது.

போன செமஸ்டரில் புராஜெக்டுக்காகக் கோயம்புத்தூர் கடை ஒன்றில் நெட் வழியாக ஒரு சின்ன சர்க்யூட் போர்டு வாங்கினேன். டெலிவரி சார்ஜ், தமிழ்நாட்டுக்குள் 50 ரூபாய், மற்ற மாநிலங்களுக்கு 120. நான் அஸ்ஸாம்காரன் லிஸ்ட்டில்! டிராக்கிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திருச்சி, மயிலாடுதுறை, அப்புறம் அதே வேனில் பொறையார் வழியாக எங்கள் ஊர். நண்டலாற்றுப் பாலத்துக்கு மட்டும் 70 ரூபாய். டோல்கேட்காரர்கள் கேட்டால் கண்ணீர் விடுவார்கள்.

எழுபது ரூபாய் போகட்டும். ஒரு கட்டத்தில் என்ன இருக்கிறது என்பது சில சமயம் தலையெழுத்தையே மாற்றும். எங்கள் ஊரிலேயே ஒரு என்.ஐ.டி. இருக்கிறது, 2010-ல் தொடங்கியது. என்.ஐ.டி-களில் பாதி இடம் சொந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. ஜே.இ.இ. விண்ணப்பத்தில் சொந்த மாநிலம் எது என்பது, நீங்கள் பிறந்த ஊரையோ குடியிருக்கும் வீட்டையோ வைத்து முடிவாவதில்லை. பிளஸ் டூ எந்த மாநிலத்தில் முடித்தீர்கள் என்பதுதான் கணக்கு. டெல்லியிலிருந்து பார்த்தால் நியாயமான விதி. திருவேட்டக்குடியிலிருந்து பாருங்கள். இங்கிருந்து சைக்கிளில் நண்டலாற்றைத் தாண்டிப் பொறையாரில் பிளஸ் டூ படித்த பையனுக்குச் சொந்த மாநில என்.ஐ.டி. திருச்சியில் இருக்கிறது. அவன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிகிற என்.ஐ.டி-யில் அவன் வெளிமாநிலத்தான்! திருச்சியும் நல்ல காலேஜ்தான், வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால், பத்தாவது முடித்துவிட்டு பஸ் வசதியைப் பார்த்து ஸ்கூல் மாறுகிற வீட்டில் இதை யார் யோசிப்பார்கள்? தம்பி தங்கை யாராவது இந்தப் பக்கம் இருந்தால் முதல் வேலையாக இதைச் சொல்லிவையுங்கள்.

இப்போது எங்கள் சித்தி கதைக்கு வருகிறேன். இதற்குத்தான் இவ்வளவு சுற்றினேன்.

சித்தி போடுகிற இறால் ஊறுகாய் சொந்தக்காரர்கள் மத்தியில் பிரசித்தம். சித்தப்பாவுக்கு வருமானம் குறைந்த வருஷம், அதையே தொழிலாகச் செய்யலாமே என்று ஆரம்பித்தார். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தாச்சு, பாட்டில் வாங்கியாச்சு, லேபிள் நான் டிசைன் பண்ணிக் கொடுத்தேன். (ஃபான்ட் சூப்பர் என்று எல்லோரும் சொன்னார்கள்!) வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டதும் முதல் ஆர்டர் பொறையாரில் ஒரு டீச்சரிடமிருந்து. ஆறு பாட்டில். அதற்கு முன் எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று ஆடிட்டரிடம் போனோம். அங்கேதான் கிளைமாக்ஸ்.

ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1-ல். சின்ன வியாபாரிகளுக்குப் பதிவு வேண்டாம் என்று ஒரு வரம்பு உண்டு. 2019-ல் பொருள் விற்பவர்களுக்கு அதை ஆண்டுக்கு 20 லட்சத்திலிருந்து 40 லட்சமாக உயர்த்தினார்கள். தமிழ்நாட்டுக்கு 40. புதுச்சேரிக்கு அதே பழைய 20. அதாவது பாலத்துக்கு அந்தப் பக்கக் கடைக்கும் இந்தப் பக்கக் கடைக்கும் வரம்பே வேறு. சித்திக்கு 20 லட்சம் என்பது கனவில் வருகிற தொகை. எனவே அது பிரச்னை இல்லை. பிரச்னை வேறு விதி. மாநிலம் விட்டு மாநிலம் பொருள் அனுப்பினால் வரம்பே கிடையாது. ஒரு பாட்டில் அனுப்பினாலும் பதிவு கட்டாயம். சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. ஊறுகாயும் கையால்தான் செய்கிறார்கள், ஆனால் அது கைவினையில் வராதாம்!

தமிழ்நாட்டுக்கு மாநில எண் 33, எங்களுக்கு 34. ஓசூரில் ஒரு அக்கா ஊறுகாய் போட்டால், 600 கிலோமீட்டர் தாண்டிக் கன்னியாகுமரி வரைக்கும் பதிவில்லாமல் அனுப்பலாம். சித்தி, கூப்பிடு தூரத்துப் பொறையாருக்கு அனுப்பக் கூடாது. ஆனால்... கோதாவரிக் கரையில் இருக்கிற ஏனாமுக்குத் தாராளமாக அனுப்பலாம். அரபிக்கடல் ஓரத்து மாஹேவுக்கும் அனுப்பலாம். அதெல்லாம் 'உள்ளூர்'!

"ஏன்டா, ஏனாம்ல எனக்கு யாரைத் தெரியும்? அங்க தெலுங்குல்ல பேசுவாங்க?" என்று சித்தி கேட்டார். ஆடிட்டரே சிரித்துவிட்டார்.

பதிவு எடுத்துவிட்டால் போச்சு என்பீர்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாதுதான். ஆனால், அப்புறம் ரிட்டர்ன் தாக்கல் பண்ண வேண்டும், ஒன்றுமே விற்காவிட்டாலும் 'ஒன்றும் விற்கவில்லை' என்று தாக்கல் பண்ண வேண்டும், மறந்தால் தாமதக் கட்டணம். அதற்கு ஆடிட்டர் கேட்ட மாதச் சம்பளம், சித்தி நாலு கிலோ ஊறுகாயில் பார்க்கிற லாபம். மாதம் விற்பதே பத்துக் கிலோ.

பெரிய ஷாப்பிங் தளங்களில் விற்கலாமே என்று நான்தான் அடுத்து ஐடியா கொடுத்தேன். 2023 அக்டோபர் 1 முதல் பதிவில்லாத சின்ன விற்பனையாளர்களும் அப்படி விற்கலாம் என்று அரசு வழி திறந்துவிட்டது, நல்ல விஷயம். நிபந்தனையைப் படித்தேன். சொந்த மாநிலத்துக்குள் மட்டும். உத்தரப்பிரதேசத்தில் இருப்பவருக்கு 'சொந்த மாநிலத்துக்குள்' என்றால் இருபது கோடி வாடிக்கையாளர்கள். எங்களுக்கு, நாலு துண்டாகச் சிதறிய ஒரு சின்ன யூனியன் பிரதேசம். சட்டத்தில் அதே இரண்டு வார்த்தைதான். கிடைக்கிற சந்தைதான் மலைக்கும் மடுவுக்கும்.

இந்தக் கூத்து நமக்கு மட்டும்தானா என்று தேடினால், அமெரிக்காவில் ஒரு ஒண்ணுவிட்ட அண்ணன் இருக்கிறான். பாயின்ட் ராபர்ட்ஸ்! வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்தது, ஆனால் ரோடு வழியாகப் போக வேண்டுமானால் கனடாவுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். 1846-ல் வரைபடத்தில் 49-வது அட்சரேகை மீது நேராக ஒரு கோடு இழுத்தார்கள், ஒரு தீபகற்பத்தின் நுனி அந்தப் பக்கம் தொங்கிப்போச்சு. பெரிய வகுப்புப் பிள்ளைகளின் ஸ்கூல் பஸ் போகும்போது இரண்டு எல்லை, வரும்போது இரண்டு எல்லை கடக்கிறது. கேலனில் பெட்ரோல் விற்கிற அமெரிக்காவில், அங்கே மட்டும் கனடாக்காரர்களுக்காக லிட்டரில் விற்கிறார்கள். நம்ம பெட்ரோல் பங்க் ஞாபகம் வருதா?

ஒரு வித்தியாசம். அமெரிக்காவுக்குள் பார்சல் செலவு குறைவு என்பதால், கனடாக்காரர்கள் பாயின்ட் ராபர்ட்ஸில் இருக்கிற பார்சல் கடைகளின் முகவரிக்கு ஆர்டர் போட்டு, எல்லை தாண்டி வந்து வாங்கிப் போகிறார்கள். அந்தத் துண்டு நிலத்தின் முகவரிக்கே ஒரு விலை! 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை மூடியபோது அந்தக் கடைகளும் ஊரும் பட்ட பாடு தனிக்கதை.

அதைப் படித்துவிட்டுத்தான், பொறையார் டீச்சருக்கு அனுப்பாமல் அவரையே வரச் சொன்னால் என்ன என்று ஆடிட்டரைக் கேட்டோம். நேரில் வந்து காசு கொடுத்துக் கையோடு வாங்கிப் போனால் அது உள்ளூர் விற்பனை, தாராளமாகச் செய்யலாம் என்றார். டீச்சர் ஸ்கூட்டியில் பாலத்தைத் தாண்டி வந்து ஆறு பாட்டிலையும் வாங்கிப் போனார். ஆனால், தஞ்சாவூர்க்காரரையும் சென்னைக்காரரையும் ஊறுகாய்க்காக இங்கே வரச் சொல்ல முடியுமா? வாட்ஸ்அப்பில் வருகிற ஆர்டரில் பாதிக்கு மேல் அந்த மாதிரிதான். 'ஸாரி, அனுப்ப முடியாது' என்று பதில் போடுகிற வேலை என்னுடையது. ஏன் என்று கேட்பவர்களுக்கு விளக்க இப்போது ஒரு வாய்ஸ் மெசேஜே ரெக்கார்ட் பண்ணி வைத்திருக்கிறேன், இரண்டு நிமிஷம் பதினைந்து செகண்ட்.

வெப்சைட் பிரச்னைக்கு வைத்தியம் சுலபம். ஆறு இலக்கப் பின்கோடு மொத்தத்தையும் மாவட்டம், மாநிலத்தோடு சேர்த்து அஞ்சல் துறையே பொதுவில் வெளியிட்டிருக்கிறது. முதல் இரண்டு எழுத்தைப் பார்க்காமல் முழு நம்பரையும் பார்த்தால் தீர்ந்தது. உங்களில் யாராவது நாளைக்கு அந்தக் கட்டத்துக்குக் கோடிங் எழுதப்போகிறவராக இருக்கலாம், 609609-ஐ ஒரு தடவை அடித்துப் பாருங்கள் ப்ளீஸ்! ஊறுகாய்க்குத்தான் சட்டம் மாற வேண்டும்.

அதற்குள் சித்தியே ஒரு ஓட்டை கண்டுபிடித்துவிட்டார். பொருளுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. 'சேவை' என்றால், வருமானம் 20 லட்சத்துக்குள் இருக்கும் வரை வேறு மாநிலத்துக்குக் கொடுத்தாலும் பதிவு வேண்டாம், 2017 அக்டோபரிலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஊறுகாய் அனுப்பினால்தானே தப்பு, ஊறுகாய் போடச் சொல்லிக் கொடுத்தால்? அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தியின் ஆன்லைன் கிளாஸ் ஆரம்பம். தஞ்சாவூரில் இரண்டு பேர், சென்னையில் ஐந்து பேர் பதிவு பண்ணியாச்சு. இறாலை அவரவர் ஊரிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.