ஸ்பைடரும் ஐந்து ரூபாயும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. கூரியர்க்காரர் ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். அட்டைப் பெட்டி, அதற்குள் பழைய நியூஸ் பேப்பர், அதற்குள் ஒரு பாலிதீன் கவர், அதற்குள் இன்னொரு பாலிதீன் கவர். உரித்துக்கொண்டே போனால் கடைசியில் பழுப்பேறிப்போன ஒரு காமிக்ஸ் புத்தகம். ஓரத்தில் பூச்சி அரித்த தடம். அட்டையில் எந்தப் பையனோ பேனாவால் எழுதிய இனிஷியல்.

மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு?"

"இருநூறு."

(வாசகர்கள் மட்டும் ரகசியமாகத் தெரிந்துகொள்ளவும்: இரண்டாயிரத்து எண்ணூறு.)

"உங்ககிட்டதான் ரெண்டு பெட்டி நிறைய இருக்கே! இதுல மட்டும் அப்படி என்ன இருக்கு?"

காமிக்ஸ் ரசிகனைப் பார்த்துக் கேட்கவே கூடாத கேள்வி இது. பொதுவாக "ஏன் காமிக்ஸ் படிக்கறே?" என்றால் அரை மணி நேரம் பேசுவோம். "ஏன் இந்த ஒரு புத்தகம்?" என்றால் முழிப்போம். நானும் முழித்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன்.

முதல் காரணம், ஹீரோ. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். பரிசோதனைச் சாலையில் ஒரு கையை இழந்து இரும்புக் கை மாட்டிக்கொண்டவர். உடம்பில் கரண்ட் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் தெரியும். நமக்கு ஷாக் அடித்தால் மின்வாரியத்துக்குப் போன் பண்ணுவோம். அவர் வேண்டுமென்றே பிளக்கில் கையை விடுவார்! 1962-ல் 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் பிறந்த ஆள். வரைந்தவர் ஹெஸூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். இந்த விவரமெல்லாம் தெரியாமலே எங்கள் தெருவில் பாதிப் பையன்கள் கையில் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். மாயாவி பெயர் அட்டையில் இருந்தால் போதும், கதை என்னவென்று எவனும் கேட்க மாட்டான்.

இரண்டாவது, அட்டைப்படம். பஸ் ஸ்டாண்டு பெட்டிக் கடையில் கயிறு கட்டி, கிளிப்பில் புத்தகங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். எடுத்துப் புரட்டினால், "வாங்கறதுன்னா தொடு தம்பி" என்று கடைக்காரர் குரல் வரும். ஆகவே அட்டையைப் பார்த்தே முடிவு செய்தாக வேண்டும். வெளியே அத்தனை கலர். உள்ளே பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. பெண் பார்க்கப் போன போட்டோவும் பெண்ணும் மாதிரி. (இந்த வரியை வீட்டில் படிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

மூன்றாவது, கடைசிப் பக்கத்தில் வரும் 'அடுத்த வெளியீடு' விளம்பரம். ஒரே ஒரு படம், நாலே நாலு ஆச்சரியக்குறி. அதை வைத்து ஒரு மாதம் முழுக்க நாமே மனதுக்குள் கதை கட்டிவிடுவோம். புத்தகம் வந்து படித்தால், நாம் கட்டிய கதையே தேவலை என்று இருக்கும். ஆனாலும் வாங்காமல் இருக்க முடிந்ததா?

இதில் ஒரு தொழில் ரகசியமும் உண்டு. அந்த பிரிட்டிஷ் கதைகள் அங்கே வாராவாரம் சில பக்கங்களாக வந்தவை. அடுத்த வாரமும் பையன் காசு கொடுக்க வேண்டுமே, அதனால் ஒவ்வொரு வாரக் கடைசியிலும் ஹீரோவைப் பள்ளத்தில் தொங்கவிட்டுத்தான் நிறுத்துவார்கள். நம் ஊரில் அத்தனை வாரத்தையும் சேர்த்து ஒரே புத்தகமாகக் கொடுத்தார்கள். விளைவு, இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு தடவை உயிர் போகும் ஆபத்து! அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் எப்படி எழுந்து போவது?

நான்காவது, நம்பர். எங்கள் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒருவர் இருக்கிறார். வரிசை நம்பர் போட்டு அடுக்கி வைத்திருப்பவர். நடுவில் ஒரே ஒரு இதழ் இல்லை. பதினைந்து வருஷமாகத் தேடுகிறார்.

"அவ்வளவு நல்ல கதையா சார்?" என்றேன்.

"சின்ன வயசுல படிச்சிருக்கேன். மகா அறுவை!"

"பின்னே எதுக்கு?"

"பல்லு விழுந்த இடத்துக்கே நாக்குப் போகுதுல்ல?"

ஐந்தாவது, முதலீடு. பழைய காமிக்ஸ் என்றால் தங்கம் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. ஆதாரமும் வைத்திருப்பார்கள். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938-ல் பத்து சென்ட். அதன் ஒரு பிரதி 2024-ல் அறுபது லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

ஆனால் அதே அமெரிக்காவில் நடந்த இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். 1991-ல் 'எக்ஸ்-மென்' புதிய வரிசையின் முதல் இதழை ஐந்து விதமான அட்டைகளில் போட்டார்கள். உள்ளே கதை ஒன்றுதான். எண்பது லட்சத்துக்கும் மேல் போனது. 1992-ல் சூப்பர்மேன் சாகும் இதழைக் கறுப்புப் பையில் சீல் வைத்து விற்றார்கள். படிக்க ஒன்று, பிரிக்காமல் பூட்டி வைக்க ஒன்று என்று ஆளுக்கு இரண்டாக வாங்கினார்கள். பிள்ளை படிப்புக்கு ஆகும் என்று நம்பினார்கள். எல்லோரும் பூட்டி வைத்தால் யாரிடம் போய் விற்பது? சந்தை சரிந்தது. 1996 கடைசியில் எக்ஸ்-மென்னை வெளியிட்ட மார்வெல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. சூப்பர்மேனும் கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார், அது வேறு விஷயம்!

1938 இதழுக்கு அந்த விலை ஏன்? அந்தக் காலத்து அம்மாக்கள் அத்தனையையும் குப்பையில் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது கொஞ்சம். நம் ஊரிலும் அதே கதைதான். பழைய பேப்பர்க்காரர் தராசில் ஏறிய காமிக்ஸ்தான் மிச்சம் இருப்பதற்கு விலை ஏற்றிவிட்டது.

சரி. ஹீரோ, அட்டை, விளம்பரம், நம்பர், முதலீடு. ஐந்தில் எந்தக் காரணத்துக்காக நான் இந்தப் புத்தகத்தை வாங்கினேன்?

ஒன்றுக்கும் இல்லை.

1985. எனக்குப் பதினொரு வயது, அண்ணனுக்குப் பதினாலு. முந்தின வருஷம் தொடங்கிய லயன் காமிக்ஸில் ஸ்பைடர் கொடிகட்டிப் பறந்த நேரம். கூரான காது, இழுத்து வாரிய தலை, வலை வீசும் துப்பாக்கி. குற்றச் சக்கரவர்த்தி ஆகக் கிளம்பி, பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடிய விசித்திரமான ஆசாமி. சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் இவருக்கும் நிறையக் கதை எழுதியிருக்கிறார். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கிளிப்பில் ஒரே ஒரு பிரதி தொங்குகிறது, சாயங்காலத்துக்குள் எவனாவது வாங்கிவிடுவான். (எந்தக் கதை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் விலை ஏறிவிடும்.)

அப்பாவின் சட்டை ஆணியில் தொங்கியது. பையில் ஐந்து ரூபாய்த் தாள். எடுத்துவிட்டேன். புத்தகம் வாங்கியதுபோக மிச்சத்தைப் பிள்ளையார் கோயில் உண்டியலில் போட்டேன். கமிஷன். புத்தகத்தை அரிசிக் குதிருக்குப் பின்னால் ஒளித்தேன்.

ராத்திரி அப்பா பணத்தைத் தேடினார். முந்தின மாதம்தான் அண்ணன் பள்ளிக்கூடம் போகாமல் மேட்னி ஷோ போய் மாட்டியிருந்தான். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. நேரே கொல்லைப்பக்கம் போய்ப் புளிய விளாறு ஒடித்துக்கொண்டு வந்தார்.

"நான் எடுக்கலைப்பா" என்று அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. மூன்று நாள் அண்ணன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனான்.

அந்தப் புத்தகத்தை நான் படிக்கவில்லை. நாலாம் நாள் எடுத்துக்கொண்டு போய், பாழுங் கிணற்றில் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ காமிக்ஸ் வாங்கினேன். 2012-ல் லயன் வழவழப்பான தாளில், முழுக் கலரில் புது ஜோராகத் திரும்பி வந்தபோது வரிசையில் நின்று வாங்கினேன். முத்து 2022-ல் ஐம்பது வயதைத் தொட்டபோது ஸ்வீட் கொடுத்தேன். அந்த ஒரு ஸ்பைடரை மட்டும் எங்கே பார்த்தாலும் தலையைத் திருப்பிக்கொள்வேன். போன வருஷம் அண்ணனுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான், அதைத் தேடி வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஞாயிறு. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி காபி வைக்க உள்ளே போன சமயம் பார்த்து நீட்டினேன்.

"அண்ணே... அப்பா பாக்கெட்ல அந்த அஞ்சு ரூபா... நான்தான் எடுத்தேன்."

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை மேலும் கீழும் பார்த்தான்.

"தெரியுமே" என்றான்.

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"மறுநாளே. குதிருக்குப் பின்னால பூனை போச்சு. விரட்டப் போனேன். அங்கே ஸ்பைடர் உட்கார்ந்திருந்தார்."

"அப்போ அப்பாகிட்ட ஏண்ணே சொல்லலே?"

"சொன்னா அப்பா என்ன பண்ணுவாரு? உனக்கும் விளாறு, புஸ்தகத்தைத் தூக்கி அடுப்புல போட்டிருப்பாரு. நான் பாதிதான்டா படிச்சிருந்தேன்! முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ எங்கேயோ கொண்டு போய்த் தொலைச்சுட்டே."

சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன். சரியாக வரவில்லை. அவன் என் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தான். நடுவில் ஒரு பக்கத்தில் நின்றான்.

"இங்கேதான் விட்டேன். ஆளைக் கட்டிப்போட்டிருந்தாங்க. நாப்பது வருஷமாத் தப்பிச்சாரா இல்லையான்னு தெரியலே!"

அதற்கப்புறம் பேச்சே இல்லை. அண்ணி வைத்த காபி ஆறியது. "என்னங்க, தம்பி வந்திருக்கான், புஸ்தகத்தைக் கீழே வைங்களேன்" என்று அண்ணி இரண்டு தடவை சொன்னார்கள். காதில் விழவில்லை. அப்படியே விட்டுவிட்டு, செருப்பைச் சத்தம் வராமல் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தப்பித்தாரா என்று எனக்கும் தெரியாது. முடித்துவிட்டு அவன் போன் பண்ணிச் சொல்லட்டும்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்ததை மனைவி கவனித்துவிட்டாள்.

"எங்கே உங்க பொக்கிஷம்?"

"அண்ணன்கிட்ட கொடுத்துட்டேன்."

"நல்லது பண்ணினீங்க" என்றாள். அடுக்களைக்குள் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபா புஸ்தகமாச்சே, கொடுக்க மனசு வந்ததா?"

"உனக்கெப்படி..."

"பேங்க் மெசேஜ் என் போனுக்கும்தான் வரும்!"