மீனுக்கும் பயம்... எனக்கும் பயம்!

கடையில் மீன் வாங்கும் வித்தை நம் எல்லோருக்கும் அத்துப்படி. செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்போம். விரலால் அழுத்திப் பார்ப்போம். பிறகு பேரம். எங்கள் வீட்டில் மீன் வருகிற வழியே வேறு. என் கணவர் மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கி, ஈட்டியால் குத்தி எடுத்து வருகிறார்!

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் டவுன்ஸ்வில் நகரில். கரைக்கு எட்டத்தில் கிரேட் பாரியர் ரீஃப் என்ற பவளத்திட்டு 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகிறது. இங்கே ரப்பர் பட்டையை இழுத்து மாட்டிச் சுடுகிற ஈட்டித் துப்பாக்கியால் மீன் குத்துவது பலருக்குப் பொழுதுபோக்கு. முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு குத்தச் சட்டம் இடம் தராது. ஒரே மூச்சில் போய், ஒரே மூச்சில் வரவேண்டும்.

இவருக்குக் கண் எப்போதும் கோரல் ட்ரவுட் மேல்தான். நம் களவா மீனின் சொந்தக்காரன். சிவந்த உடம்பு, மேலே நீலப் பொட்டு. முதலில் எல்லாம் பெண்ணாகவே இருந்து, வளர்ந்தபின் சிலது ஆணாக மாறிவிடுமாம். இதை என் மாமியாரிடம் டெலிபோனில் சொன்னேன். "அடி ஆத்தீ! அதுக்காவது புத்தி வந்ததே" என்றார். எது புத்தி என்று நான் கேட்கவில்லை.

இந்த மீன் லேசில் அகப்படாது. பவளத்திட்டில் மீன் பிடிக்கவே கூடாத பகுதிகளும் உண்டு. 2004-ல் எல்லையை மாற்றி வகுத்தபோது அது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அங்கே போய் மிதந்தால் இதே மீன் பக்கத்தில் வந்து முகத்தை உற்றுப் பார்க்கும். எல்லை தாண்டி, பிடிக்கிற இடத்துக்கு வந்தால் ஈட்டி எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு நகர்ந்துகொண்டே இருக்கும். அடிபட்ட இடத்து மீன் கற்றுக்கொண்டுவிடுகிறது!

நான் முதலில் இவருடன் நீரில் இறங்கியபோது கவனித்தது இதுதான்: இவர் மீனைத் துரத்துகிறார். துரத்தத் துரத்த அது ஆழத்துக்குப் போகிறது, இவரும் ஆழத்துக்குப் போகிறார். மீனுக்கு இரண்டு பக்கமும் வரியாக ஓடும் உணர்வுக்கோடு ஒன்று உண்டு. தண்ணீரில் ஏற்படும் சின்ன அசைவும் அதில் தெரியும். சத்தமோ, காற்றில் போவதைவிட நீரில் நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகிறது. கால் துடுப்பு ஒருதரம் 'பட்' என்று நீரை அடித்தாலே போதும், வந்தது யாரென்று அதற்குத் தெரிந்துவிடும்.

வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தால் குழந்தை என்ன செய்யும்? முந்தானைக்குள் ஒளியும். "வாடா கண்ணு" என்று கையை நீட்டினால் இன்னும் உள்ளே போகும். கண்டுகொள்ளாமல் நாம் பாட்டுக்குக் காப்பி குடித்தால், கொஞ்ச நேரத்தில் தானே வந்து விருந்தாளியின் கைப்பையைத் தொட்டுப் பார்க்கும். "அதேதாங்க இதுவும். பார்க்காதீங்க, அது வரும்" என்றேன். சிரித்தார். ஆனால் இங்கே பழகிய கைகாரர்களும் அதையேதான் சொன்னார்கள்.

இப்போது இவர் செய்வது இப்படி. மீனுக்கு நேர் மேலே மூழ்குவதில்லை. நாலைந்து பாகம் தள்ளி, இடுப்பை மடித்துத் தலைகீழாக, துடுப்பு நீருக்குள் போனபிறகுதான் காலை அசைப்பது. வாயிலிருக்கும் ஸ்நார்க்கல் குழாயை முதலிலேயே எடுத்துவிட்டால் குமிழிச் சத்தம் இல்லை. கீழே பவளப் பாறையின் மறைவில் மணலோடு மணலாகப் படுத்துவிடுவார். பவளத்தின் மேல் படுக்கக்கூடாது, அது உயிருள்ளது. துப்பாக்கியை மீன் வருமுன்பே நீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வந்தபின் கையைத் தூக்கினால் கதை முடிந்தது. மீனின் கண்ணைப் பார்க்கவே கூடாது. ஒரு பிடி மணலை எடுத்து மெதுவாக உதிர்த்தால், ஏதோ ஒன்று அங்கே மேய்கிறது போலிருக்கிறதே என்று மீன் திரும்பி வருகிறது! பக்கவாட்டில் திரும்பும்போது செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னால் குறி. வாலைக் காட்டி ஓடும் மீனைக் குத்தினால் அது காயத்தோடு பொந்துக்குள் போய்ச் சாகும், யாருக்கும் உபயோகமில்லை.

அளவிலும் ஒரு ஏமாற்று உண்டு. முகக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 40 சென்டிமீட்டர் என்று தோன்றுவது நிஜத்தில் 30 தான். சாதாரண கோரல் ட்ரவுட் 38-க்குக் குறைந்தால் தொடக்கூடாது. குத்தியபிறகு அளந்து என்ன லாபம்?

இதெல்லாம் நல்லதுதான். ஆனால் காத்திருக்கிற ஒவ்வொரு விநாடியும் மூச்சிலிருந்து போகிறது. என் பயம் அங்கேதான்.

மூச்சு முட்டுவது பிராணவாயு தீர்ந்துவிட்டதால் என்றுதான் நாம் நினைக்கிறோம். இல்லை. உடம்பில் சேரும் கரியமிலவாயுதான் அந்தத் தவிப்பை உண்டாக்குகிறது. மூழ்குமுன் பெரிது பெரிதாக, வேகமாக மூச்சு விட்டால் கரியமிலவாயு வெளியேறிவிடும், தவிப்பு தாமதமாகும். பிராணவாயுவோ கூடாது. ஆகவே 'இன்னும் இருக்கலாம்' என்றே தோன்றிக்கொண்டிருக்கும், சட்டென்று நினைவு தப்பும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. மேலே வர வர அது குறைவதால் நுரையீரலில் மிச்சமிருக்கும் பிராணவாயுவின் அழுத்தமும் பாதியாகிவிடும். அதனால் மயக்கம் ஆழத்தில் வருவதைவிட, மேல்மட்டத்துக்குக் கிட்டே வரும்போதோ, தலை வெளியே வந்தபிறகோதான் அதிகம் வருகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இதில் போய்விடுகிறார்கள். நீச்சல் குளத்தில் 'யார் அதிக நேரம் அடக்குறான் பார்க்கலாம்' என்று விளையாடும் பிள்ளைகளுக்கும் இதே ஆபத்து. தாய்மார்கள் இதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

இவர் தனியாகப் போய்க்கொண்டிருந்தவர். "நான் பழக்கப்பட்டவன்டி" என்பார். "பழக்கப்பட்டவங்களுக்கும் மூளை ஒண்ணுதானே?" என்று நான் இறங்கினேன். தாலிச் சங்கிலி ஜெல்லிமீனுக்கான லைக்ரா உடைக்குள் போய்விட்டது, மெட்டியைத்தான் துடுப்புக்காகக் கழற்றினேன். நம் பாம்பன் பக்கத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். எனக்கு மிதக்கவாவது முடியாதா?

எங்கள் விதி, ஒருவர் கீழே என்றால் ஒருவர் மேலே. அவர் மேலே வந்தபின்னும் முப்பது விநாடி முகத்தைவிட்டுக் கண் எடுக்கமாட்டேன். கீழே இருந்த நேரத்தைப்போல் இரண்டு பங்காவது மேலே ஓய்வு. தலை துவண்டால் முகத்தை நீருக்கு மேலே பிடித்து, கண்ணாடியைக் கழற்றி, கன்னத்தில் தட்டி, முகத்தில் ஊதி, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூச்சு திரும்பாவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். புருஷன் பேரைச் சொல்வதற்கு எனக்கு அனுமதி கிடைத்த ஒரே சந்தர்ப்பம் இதுதான்! குளத்தில் பத்துத் தடவையாவது பயிற்சி செய்திருக்கிறேன். கடலில் இதுவரை தேவைப்படவில்லை.

துரத்தலை விட்டபிறகு இவர் போகும் ஆழம் குறைந்துவிட்டது. ஏழெட்டு மீட்டரிலேயே மீன் வருகிறது. சில நாள் வெறுங்கையோடு வருவோம். அன்றைக்கு முட்டைக் குழம்பு.

சமையலுக்கு வருகிறேன். பவளத்திட்டு மீன்களில் சிகுவாட்டெரா என்று ஒரு நஞ்சு உண்டு. நுண்ணிய பாசியில் தொடங்கி, அதைத் தின்ற சின்ன மீன், அதைத் தின்ற பெரிய மீன் என்று சேர்ந்துகொண்டே போகும். வாந்தி, பேதி, வாயைச் சுற்றி மரமரப்பு, ஜில்லென்றிருப்பதைத் தொட்டால் சுடுவதுபோல் எரிச்சல். மீனில் வாடை தெரியாது, நிறம் தெரியாது. கொதிக்க வைத்தாலும், பிரிட்ஜில் உறைய வைத்தாலும், புளி விட்டாலும் போகாது. இதனாலேயே ரெட் பாஸ் போன்ற சில மீன்களை இங்கே பிடிக்கவே தடை. நம் வஞ்சிரமும் இந்தக் கடலில் சில சமயம் இந்த நஞ்சோடு வருவதுண்டு. நஞ்சு அதிகம் தங்குவது தலை, ஈரல், சினை ஆகியவற்றில். எனவே மீன்தலைக் குழம்பில் உயிரை விடுகிற குடும்பத்தில் வந்தவள் நான், இங்கே பெரிய மீனின் தலையையும் ஈரலையும் வெட்டிக் குப்பையில் போடுகிறேன். சின்ன கோரல் ட்ரவுட் என்றால் மஞ்சள், உப்பு, கொஞ்சம் மிளகு தடவி வாழையிலையில் சுட்டால் போதும். மசாலா அதிகம் போட்டால் இவர் முகம் வாடுகிறது. "ரெண்டு மணி நேரம் படுத்துக் கிடந்து புடிச்சேன், மீன் ருசி தெரியவேணாமா?" என்கிறார்.